அப்பா குடித்தால்தான் எழுதுவார் என்று சொன்னது நான்

அன்பு மகனுக்கு,

முதலில் நீ என்னை மன்னித்துக்கொள்ள வேண்டும். எழுதுகிற பிள்ளைக்கு எழுதிப் பழக்கமில்லாத அம்மா இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதுவது சரியில்லைதான். பதினேழு வருடமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கட்டுரைகளில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேனே தவிர, சொந்தமாக நான்கு பக்கம் எழுதியதில்லை. போனில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். போனில் நான் "சாப்பிட்டியா" என்பேன், நீ "ம்" என்பாய், அதோடு நமக்குப் பேச்சு முடிந்துவிடும். அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல், திருத்திய தாள்களை எடுத்துப் போக மறுபடி வருகிற உன் கூட்டாளி பாஹிமின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவனும் படிக்கட்டும். நீ வேலை செய்கிற அவனுடைய மாமாவின் அச்சகத்தில் யார் எடுத்துப் படித்தாலும் பரவாயில்லை. ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நன்றி சொல்வதற்கே நா ஒட்டிக்கொள்கிற ஆள் நான் என்பது உனக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் ஒட்டாத கடிதம் அனுப்புகிறேன் என்றால் போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பாஹிம் மாவனல்லையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தான். உன் கவிதைப் புத்தகத்தின் புரூப் கையில் இருந்தது. "டீச்சர்தான் பாத்துத் தரணுமாம். வேற யார்ட பார்வையிலயும் அவனுக்கு நம்பிக்கையில்ல" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவனுக்குப் பிளேன்டீ ஊற்றிவிட்டு, மேசையைத் துடைத்துத் தாள்களை விரித்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் உன் பெயர். அடுத்ததில் அப்பாவுக்குச் சமர்ப்பணம். அதற்கு அடுத்தது உன் முன்னுரை. இரண்டாவது பந்தியில் நீ இப்படி எழுதியிருந்தாய்: "என் அப்பா குடித்தபோதுதான் கவிஞராக இருந்தார். குடிக்காதபோது அவர் ஒரு தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர். எனக்கும் வேறு வழி தெரியவில்லை."

மூன்று வாக்கியம். பேனாவை வைத்த இடத்தில் மை ஊறித் தாளில் பெரிய பொட்டாகப் படர்ந்ததைப் பாஹிம்தான் கண்டான்.

"என்ன டீச்சர், பெரிய பிழையா?"

"இவன் குடிக்கிறானா பாஹிம்?"

அவன் முதலில் சிரித்தான். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பான். பிறகு என் முகத்தைப் பார்த்து அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினான். "டீச்சருக்குத் தெரியும்டுதான் நான் நெனச்சன். வேல முடிஞ்சு ரூமுக்கு வந்தா மொதல்ல அதுதான். இப்ப ரெண்டு மூணு மாசமாப் பகல் சாப்பாட்டு நேரத்துலயும். டைப் அடிக்கக்குள்ள கை நடுங்குது. மாமா கண்டும் காணாத மாதிரி இருக்காரு. நான் ஏசினா, 'ஒனக்கு வெளங்காதுடா, எங்க வீட்டுல கவித இப்படித்தான் வரும், அம்மாவே சொல்லியிருக்கா'ங்கிறான்."

அம்மாவே சொல்லியிருக்கா.

பாஹிம் எழுந்து போய் என் குசினியிலிருந்து எனக்கே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அதற்குப் பிறகும் அந்தப் பிள்ளையிடம் விட்டுவிடாமல் கேட்டேன். போன மாதம் செக் பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கியபோது, உன் வாய் மணத்தைப் பிடித்து ஆமிக்காரன் ஒருவன் சிங்களத்தில் "மல்லி, பீலாத?" என்று கேட்டானாம். குடித்திருக்கிறாயா தம்பி என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தானாம். யுத்தம் நடக்கிற இந்த வருடத்தில், நம் தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் நீ தள்ளாடிக்கொண்டு நின்றிருக்கிறாய். அதைக் கேட்டபோதுகூட எனக்கு அவ்வளவு திக்கென்று இருக்கவில்லை. "அம்மாவே சொல்லியிருக்கா" என்பதிலிருந்துதான் இன்னும் எழும்ப முடியாமல் இருக்கிறேன். அது உண்மை. நான்தான் சொன்னேன்.

உனக்கு அப்போது ஐந்து வயது. மாலை நாலு மணி இருக்கும். அப்பா அரை நாள் ஆபீஸ் முடிந்து தவறணையில் சாராயம் குடித்துவிட்டு வந்து, லயத்து வரிசை வீடுகளின் பொதுப் பீலிக்குப் பக்கத்தில், குழாய்த் தண்ணீர் ஓடுகிற சீமெந்துத் தரையில் மல்லாந்து கிடந்தார். ரப்பர் பால் வெட்டு முடித்து வந்த பெண்கள் வாளியோடு அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு "அப்பாவுக்கு என்னம்மா?" என்று கேட்டாய். சுற்றி அத்தனை காது. நான் சொன்னேன்: "அப்பா கவிதை யோசிக்கிறாரு. எழுதுறவங்க குடிச்சாதான் எழுத்து வரும்." நீ உடனே போய் அவர் தலைமாட்டில் குந்தி, வாயில் விரலை வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "சத்தம் போடாதீங்க, எங்கப்பா கவித யோசிக்கிறாரு" என்றாய். சிரித்தார்கள். பக்கத்துக் காம்பரா வீட்டுச் செல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய புருஷனும் குடிகாரன், அடிக்கிறவன். அவள் வாளியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப எங்க வீட்டு ஆளு என்னாங்க டீச்சர், கவித எழுதத் தெரியாமலா குடிக்கிறாரு?"

 உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவள் கேட்டதுதான் சரியான கேள்வி என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அந்த லயத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். நான் பட்டத்தோடு வந்த அன்று ரோட்டு வரைக்கும் வந்து நின்று பார்த்தார்கள். தொண்ணூற்றிரண்டில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே எனக்கு நியமனம் கிடைத்தபோது, என்னைத் தூக்கி வளர்த்தவர்கள்கூட "வாங்க டீச்சர்" என்றார்கள். அப்படிப்பட்டவளின் புருஷன் மற்றவர்களின் புருஷன் மாதிரியே பீலியடியில் கிடந்தால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது? அவர்கள் வீட்டில் குடி. எங்கள் வீட்டில் கவிதை. என் படிப்பை வைத்து நான் செய்த முதல் வேலை அதுதான், ஒரே குடிக்கு இரண்டு பெயர் வைத்தது.

ஒருமுறை சொன்னதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கொழும்புப் பத்திரிகையின் ஞாயிறு பக்கத்துக்காக ஒருவர் அப்பாவைப் பேட்டி காண வந்தார். அப்பா கூச்சத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்க, நான் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன், "ஒரு கால் போத்தல் உள்ள போனாத்தான் அவருக்கு வரி வரும்." அது அப்படியே அச்சில் வந்தது. அதற்குப் பிறகு பார்க்க வருகிறவர்கள், சுகமில்லாதவரைப் பார்க்கப் பழம் கொண்டு வருவதுபோல, பத்திரிகைத் தாளில் சுற்றிப் போத்தல் கொண்டு வரத் தொடங்கினார்கள். "கவிஞருக்கு" என்று மரியாதையாக என் கையில்தான் தருவார்கள். நானும் வாங்கி அலுமாரியில் வைப்பேன். அப்பா செத்த பிறகு நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர், இன்ன கவிதை அரைப் போத்தல், இன்ன கவிதை கால் போத்தல் என்று சொல்லிச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார். நீ முன் வரிசையில் இருந்தாய். பன்னிரண்டு வயது. நீ சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். பக்கத்தில் இருந்த நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

இனி உண்மையைச் சொல்கிறேன். அப்பா சொல்லச் சொல்ல அவருடைய வரிகளை எழுதியது என் கை. அதனால் எது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கு வரி வந்தது காலையில். ஆபீசுக்கு அரை மைல் ரப்பர் மலைக்குள்ளால் நடந்து போவார். வெட்டுகிறவர்கள் மரத்துக்கு மரம் ஓடிக்கொண்டிருப்பார்கள், சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருக்கும், இவர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போவார். பகல் சாப்பாட்டுக்கு வந்ததும் கையில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லத் தொடங்குவார். கை எச்சில், எழுத முடியாது. "டீச்சர், எழுது எழுது, போயிரும்" என்பார். நான் பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவேன். குடித்துவிட்டு எழுதியதும் உண்டு, நிறைய. அதைத் தானே எழுதுவார், என்னைத் தொடவிட மாட்டார், உலகத்திலேயே இப்படி யாரும் எழுதியதில்லை என்பார். மறுநாள் பல் விளக்கிக்கொண்டே அதை எடுத்துப் படித்துவிட்டு, "யாருடி இத எழுதினது? தீபாவளிப் பேச்சு மாதிரி இருக்கு" என்று அவரே கிழித்துப் போடுவார். ஒன்றே ஒன்று தப்பியது. அவருடைய அம்மா செத்த எட்டாம் நாள், குடித்துவிட்டு அழுதுகொண்டே சொன்னது. நல்ல கவிதை. அதை மறைத்தால் இந்தக் கடிதமும் இன்னொரு பொய்யாகிவிடும். அழுகை எழுதியதா, சாராயம் எழுதியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நீ நம்ப மாட்டாய், நானும் குடித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம். நீயும் அப்பாவும் குளிக்கப் போயிருந்தீர்கள். எனக்கும் எழுத வேண்டும் என்ற ஆசை உள்ளுக்குள் இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. குடித்தால் கூச்சம் போகும், கூச்சம் போனால் எழுத்து வரும் என்று நினைத்து, அலுமாரியிலிருந்த போத்தலில் இரண்டு மிடறு குடித்தேன். தொண்டை எரிந்தது. பிறகு ஒரு துணிச்சல் வந்தது, அது பொய்யில்லை. ஒரே மூச்சில் ஒரு பக்கம் எழுதினேன். எழுதும்போது நானே அழுதேன், அவ்வளவு அருமையாக இருந்தது. ஏலக்காயை மென்றுகொண்டு வெளியே வந்தால் செல்லம்மா நிற்கிறாள். மூக்கைச் சுளித்து, "என்னாங்க டீச்சர், பல்லு வலியா? எங்க வீட்டு ஆளுக்கும் அடிக்கடி இதே பல்லு வலிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை கொண்டு வந்திருந்தால் நூற்றுக்கு முப்பத்தைந்து போட்டிருப்பேன். எழுதும்போது வந்த அந்தப் பெருமையை நினைத்துத்தான் பயந்தேன். அது எனக்கு நன்றாக எழுதக் கற்றுத் தரவில்லை. நன்றாக எழுதிவிட்டேன் என்று நினைக்க மட்டும் வைத்தது.

அப்பாவின் புத்தகத்தில் சனங்கள் மனப்பாடமாகச் சொல்கிற கவிதைகள் பதினொன்று இருக்கின்றன அல்லவா? பதினொன்றும் அவர் ஒரு சொட்டும் குடிக்காத காலத்தில் வந்தவை. உனக்கு ஏழு வயதில் அவர் முதல் தடவை கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கிடந்தார். டொக்டர் சிங்களத்தில், மெதுவான குரலில் "தவ பிவ்வொத் மெரெனவா" என்றார். இன்னும் குடித்தால் செத்துப்போவாய் என்று. அப்பா பயந்துவிட்டார். வீட்டுக்கு வந்து ஏழு மாதம் தொடவில்லை. உனக்கு சைக்கிள் பழக்கினாரே, அந்த மாதங்கள்தான். முதல் ஐந்து மாதத்தில் அந்தப் பதினொன்றும் வந்தன. பிறகு நின்றுவிட்டது.

இதைத்தான் நான் இவ்வளவு நாளும் யாரிடமும் சொல்லவில்லை. நின்றுவிட்டதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றால் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். இரத்தினபுரியில் ஒரு கவியரங்குக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக ஒன்று கொண்டு போக வேண்டும். "வரல்ல டீச்சர். வராட்டிப் போகுது, பழசுல ஒண்ணப் படிச்சிட்டு வருவோம்" என்று சிரித்தார். என்னால்தான் தாங்க முடியவில்லை. கவிதை இல்லாவிட்டால் அவர் யார்? நான் யாருடைய மனைவி? பழைய ரப்பர் மரத்தின் பட்டையில் மருந்து பூசிப் பாலை வரவழைப்பதை நீயும் பார்த்திருப்பாய். கொட்டும், பிறகு மரமே வற்றிப் போகும். வெட்டித் தள்ளப் போகிற மரத்துக்குத்தான் தோட்டத்தில் அப்படிச் செய்வார்கள். அது தெரிந்த நான்தான் செல்லம்மாவின் புருஷனைக் கூப்பிட்டு, விருந்தாளி வருகிறார்கள் என்று சொல்லி, தவறணையிலிருந்து ஒரு அரைப் போத்தல் எடுத்து வரச் சொன்னேன்.

மத்தியானம் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீயே குடுக்குறியா?"

"கவியரங்கு முடியிற வரைக்குந்தாங்க. ஒரு கவித வந்தாப் போதும்."

சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மூடியைத் திருகினார்.

கவியரங்கில் கை தட்டினார்கள். அந்தக் கவிதையை அடுத்த கிழமை அவரே கிழித்துப் போட்டார். ஆனால் குடியை அதற்குப் பிறகு அவர் விடவே இல்லை. நாலு வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். புத்தகத்தில் சேர்க்கத்தக்க ஒரு வரி அந்தக் காலத்தில் வரவில்லை. மஞ்சள் காமாலை என்று உன்னிடம் சொன்னேன், எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன். ஈரல் போய்விட்டது மகன். கடைசிக்கு முந்தின நாள் வார்டில் நான் மட்டும் இருந்தேன். ஏதோ சொல்ல வந்தார். உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார். "அதுதான்... மரத்துல கட்டியிருக்குமே... பால் விழுமே... அது" என்றார். "சிரட்டையா?" என்றேன். தெரியாதவர் மாதிரி என்னைப் பார்த்தார். அவருடைய பதினொரு கவிதைகளில் நாலில் அந்தச் சொல் இருக்கிறது. அவருக்கு அது கிடைக்கவில்லை. கையை அப்படியே குழித்து வைத்துக்கொண்டு தேடிக்கொண்டே இருந்தார். நான் சொன்ன பிறகும் தேடினார். குடி கவிஞனுக்கு என்ன கொடுக்கும் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் யாரும் அந்த வார்டில் இருக்கவில்லை.

உன் கவிதைகளையும் படித்துவிட்டேன். உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். முன்பகுதியில் உள்ளவை, நீ மாவனல்லைக்குப் போன புதிதில் எழுதியவை, படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, இவ்வளவு பார்த்திருக்கிறானே என்று. பின்பகுதியில் நீ ஒன்றையுமே பார்க்கவில்லை. எல்லாவற்றிலும் நீதான் இருக்கிறாய், உன் துக்கம் இருக்கிறது, கோப்பை இருக்கிறது. அவை எந்த மாதங்களில் எழுதியவை என்று பாஹிமிடம் கேட்கவே தேவைப்படவில்லை.

புரூப்பில் பிழைகளை எல்லாம் திருத்தியிருக்கிறேன். முன்னுரைப் பக்கத்தில் அந்த மைப் பொட்டைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அது உன் பக்கம். அதில் என்ன இருக்க வேண்டும் என்று நீயே முடிவு செய். அங்கே இந்தக் கடிதத்தைப் போட்டாலும் எனக்குச் சம்மதம்தான். சனங்கள் என்னைப் பற்றி என்ன பேசினாலும் பேசட்டும்.

ஒன்று கேட்க வேண்டும். எழுதத் தொடங்கியதிலிருந்து கேட்காமல் தள்ளிக்கொண்டே வருகிறேன், ஏனென்றால் இதை உன் அப்பாவிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. குடிக்காதே என்று உன்னிடம் சொல்லப் போவதில்லை. சரியம்மா என்பாய், பிறகு அறைக்குப் போவாய். புத்தகத்தைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்தி வை. வருகிற புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வா. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் அன்றைக்குக் குடியை விட நினைக்கிறவர்களுக்குக் கிளினிக் இருக்கிறது. நானும் உன்னோடு வரிசையில் நிற்கிறேன். அதற்குப் பிறகு உனக்கு மாதக்கணக்கில் ஒன்றும் வராமல் போகலாம். ஒருவேளை இனி எப்போதுமே ஒரு வரிகூட வராமல் போகலாம். போகட்டும் மகன். எழுதாத பிள்ளையாக வா.

அம்மா